இரண்டு உப்பு

ட்வைலா ஹம்மல் மாட்டுக்கொம்பை வேகவைத்தபோது
கிளம்பிய நாற்றத்தில்
அவள் புருஷன் மூன்று நாள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டான்.
நுனியில் துளை, அடியில் செர்ரிமரக் கட்டை,
விளிம்பெல்லாம் தேன்மெழுகு.
சன்னமாகச் சுரண்டியிருக்கிறாள்:
வானத்துக்கு எதிரே பிடித்தால்
உள்ளே மருந்து எவ்வளவு என்று நிழலாகத் தெரியும்.
அதைத் தோளில் மாட்டினால்
அவளுக்குத் தனியாக ஒரு நடை வந்துவிடும்.

எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.
மிஃப்லின்பர்க்கில் ஒரு போட்டோ ஸ்டூடியோ ஏலத்துக்கு வந்தது.
கிளேர் ரம்பர்கர். நாற்பது வருஷம்
இந்தப் பள்ளத்தாக்கின் கல்யாணங்களைப் பிடித்தவர்.
ஃபிலிம் டப்பி முப்பது, மொத்தமாக மூன்று டாலர்.
கறுப்பு உடம்பு, சாம்பல் மூடி,
அழுத்தினால் ‘டப்’பென்று ஒரு திருப்தி.
ஒன்றில் ஏழு வெடிக்கு மருந்து கொள்ளும்.
பதினொன்றை நிரப்பினேன், மிச்சம் அதே அலமாரியில்.
கிண்ணிக்கு வைக்கும் பொடி மருந்துக்கு
என் பழைய லிப்ஸ்டிக்கின் பித்தளைக் குழல்.
அளவுக்கு, குடைந்த மான்கொம்பு நுனி:
எழுபது கிரெயின்,
தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைய.

கிறிஸ்துமஸ் கழிந்த மறுநாள்
சக்கிமுக்கித் துப்பாக்கிக்கு மட்டும் காடு திறக்கும்.
நாலு மணி இருட்டில் கைவிட்டு
ஒரு டப்பியை எடுத்துப் பையில் போட்டேன்.
கனம் சரியாகத்தான் இருந்தது.

பென்ஸ் ஓடைக்கு மேலே, ஹெம்லாக் அடியில்,
என் முதல் குண்டு எங்கோ ஒரு மரத்துக்குப் போனது.
புகை விலகியது. மான் விலகவில்லை.
நாற்பது எட்டில்,
காது இரண்டும் என் பக்கம்.
கொம்பளவைப் பல்லில் கடித்துக்கொண்டு
மூடியை நெம்பினேன்.
மருந்து கொட்டவில்லை.
ஒரு நாக்கு வெளியே நீட்டியது.

பழுப்பு நாக்கு, ஓரமெல்லாம் ஓட்டை.
என்னவென்று புரிவதற்குள்
மரத்துப்போன விரல்கள் இழுத்துவிட்டன,
முழம், இன்னொரு முழம்,
ஆளுயரத்துக்குச் சுருள் சுருளாகப் பனியில்.
பத்து மணி வெயில் அதன்மேல் விழுந்தது.
மான் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு
அவசரமில்லாமல் ஏறிப் போனது.

வெடியுப்புக்கு ஈரம் ஆகாது.
வெள்ளியுப்புக்கு வெளிச்சம் ஆகாது.
டப்பிக்கு இரண்டும் ஒன்றுதான்.
நான் திறக்கிற வரைக்கும்
அது ஒரு வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது.

அடுத்த மேட்டிலிருந்து ட்வைலா வந்தாள்.
“ரெண்டாவது வெடி எங்கே?”
ஃபிலிமைக் காட்டினேன்.
தன் கொம்பைப் பிடித்துப் பார்ப்பதுபோலவே
அதையும் வானத்துக்கு எதிரே பிடித்தாள்.
ஒன்றுமில்லை.
யாருடைய கேக்கும் இல்லை, யாருடைய முக்காடும் இல்லை.
“நாக்கு வெளியே இருந்தால் புதுச் சுருள்தான்,
விடு” என்றாள்.
கேட்காமலே என் அளவில்
தன் மருந்தை ஊற்றினாள்.
அன்றைக்கு அதற்கப்புறம் எதுவும் வரவில்லை.

சாயங்காலம் அவள் புருஷன் சொன்னான்:
சிலர் நாக்கை வேண்டுமென்றே வெளியே விடுவார்கள்,
பிடித்து முடித்தது என்று தெரிய
நுனியை மட்டும் மடித்துவைப்பார்கள்.
மடித்திருந்ததா?
நான் இழுத்த நுனி எனக்கு ஞாபகமில்லை.

ராத்திரி, கோட்டு மாட்டும் அறைக்குள் புகுந்து
கதவிடுக்கில் துண்டைச் சொருகி,
நிரப்பாத டப்பிகளை மடியில் வைத்து
ஒவ்வொன்றாகத் திறந்தேன், கண் எதற்கும் உதவாத இருட்டில்.
வெறும் டப்பி. வெறும் டப்பி.
ஒன்றில் பழைய மருந்துநெடி, என் விரலுடையதாக இருக்கலாம்.
பதினான்காவதில் ஏதோ தட்டியது.
ஆள்காட்டி விரலால் தடவினேன்,
ஓட்டைகள், ஓட்டைகள், அப்புறம் நுனி.

மடித்திருந்தது.